மங்கி குல்லாவுக்குள் ஒரு கன்னடம்

போன ஞாயிற்றுக்கிழமை காலை. பெங்களூர் அல்சூர் ஏரிக்கரையில் நல்ல பனி. நானும் நண்பர் ராஜுவும் மங்கி குல்லா, மஃப்ளர் சகிதம் நடந்துகொண்டிருந்தோம். பின்னாலிருந்து புது ஸ்வெட்டர் போட்ட ஒருவர் வேகமாக வந்து, மர்பி டவுனுக்கு எப்படிப் போவது என்று திக்கித் திக்கிக் கன்னடத்தில் கேட்டார். ராஜு தமிழிலேயே வழி சொன்னார்.

"அட, நீங்க தமிழா சார்? இவ்ளோ நேரம் கன்னடத்துல பேசிட்டு வந்தீங்களே... அப்ப இவருதான் கன்னடமா?"

"அவரும் தமிழ்தாங்க."

எங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு, மேற்கொண்டு கேட்காமல் நடையைக் கட்டிவிட்டார். கழன்ற கேஸ்கள் என்று நினைத்திருப்பார்.

தெருவில் நின்று சொல்லக்கூடிய பதிலா அது? தமிழில், எழுதும்போது மட்டும்தான் எனக்கு வாய் திறக்கும். சொல்கிறேன்.

பல வருடங்களுக்கு முன், காவிரிக் கலவரம் அடங்கியிருந்த ஜனவரி அது. ஊர் அமைதியாகிவிட்டது. தமிழர்களான எங்கள் குரல்தான் இன்னும் பழைய நிலைக்கு வரவில்லை. பஸ்ஸில் தமிழ்ப் பத்திரிகையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொள்வோம். வீட்டிலேயே அடைந்து கிடந்து கால் மரத்துப் போன நான், ஒரு நாள் விடியற்காலை ஏரிப்பக்கம் கிளம்பினேன்.

"வாயத் தொறக்காம நடந்துட்டு வாங்க" என்றாள் மனைவி.

வாய் திறக்காமல் இருப்பது எனக்குப் பெரிய காரியமா? எஸ்.எஸ்.எல்.சி. வகுப்பில் 'உள்ளேன் ஐயா' சொல்லவே எச்சில் விழுங்கியவன் நான். கல்யாண வீட்டில் பந்தி முடிந்ததும் முதல் ஆளாகச் செருப்பைத் தேடுபவன். எனக்குக் குளிர்காலம் பிடிப்பதே அதனால்தான். குல்லாவை இழுத்துவிட்டால் கண் மட்டும்தான் தெரியும். மூச்சு புகையாகப் போகும். தண்ணீரின் மேல் பனி அப்படியே உட்கார்ந்திருக்கும். அணைக்க மறந்த தெருவிளக்கு அதற்குள் மஞ்சளாகக் கரையும். யாரும் யாரையும் அடையாளம் கண்டு நலம் விசாரிக்க மாட்டார்கள். இதைவிட என்ன வேண்டும்?

அந்தப் பனியில்தான் இன்னொரு மங்கி குல்லா என் பக்கத்தில் வந்து சேர்ந்தது.

"சளி ஜாஸ்தி அல்வா?" — குளிர் அதிகம், இல்லையா என்று கன்னடத்தில் கேட்டது.

மனைவி சொன்னது ஞாபகத்துக்கு வந்தது. "ஹௌது, ஹௌது" என்று ஆமாம் போட்டேன்.

அவர் பெயர் ராஜுவாம். நான் மூர்த்தி என்றேன். பொய்யில்லை. தட்சிணாமூர்த்தியைக் குளிருக்குக் கொஞ்சம் சுருக்கிக்கொண்டேன்.

மறுநாளும் வந்தார். அதற்கடுத்த நாளும். என்ன அதிசயம் என்றால்... நான் பேசினேன்! மூட்டு வலி, பையனின் கணக்கு மார்க், வேலையிடத்து மேஸ்திரியின் முன்கோபம் என்று எதெதையோ கொட்டினேன். தமிழில் தப்பாகப் பேசிவிடுவோமோ என்று பயந்து பயந்தே ஊமையானவன் நான். கன்னடத்தில் பேசினால் எல்லாமே தப்புதான். அப்புறம் என்ன பயம்?

பயம் வேறு இடத்தில் இருந்தது. நான் தமிழன் என்று தெரிந்தால் இந்த மனிதர் நாளைக்கு வருவாரா? இத்தனை வயதில் என் வாயால் நானே சம்பாதித்த ஒரே சிநேகிதம். இன்று சொல்லிவிடலாம் என்று தினமும் கிளம்புவேன். சொல்லாமலே திரும்புவேன்.

ஏரி முனையில் காய் விற்கும் கௌரம்மா அவரைக்காய் குவித்திருப்பார். பனி குடித்த அவரைக்காய்க்கு ஒரு வாசம் உண்டு. பெங்களூரில் அதை முகர்ந்து பார்த்துத்தான் வாங்குவார்கள். ஒரு நாள் நாங்களும் ஆளுக்கொரு காயை மூக்கில் வைத்துக்கொண்டு கன்னடத்தில் பேரம் பேசினோம். கௌரம்மா தராசைக் கீழே வைத்துவிட்டார்.

"அண்ணா, ரெண்டு பேரும் தமிளுதானே? தமிள்லயே பேசிக்கங்க. தெனம் உங்க கன்னடத்தக் கேட்டுக் கேட்டு எனக்கே என் பாஷை மறந்துபோயிடும் போல இருக்குது!"

முதலில் சுற்றுமுற்றும் பார்த்தோம். பிறகுதான் ஒருவரையொருவர்.

"நீங்க...?"

"நீங்களும்...?"

ராஜு குல்லாவைக் கழற்றினார். நரைத்த மீசை. அன்றுதான் அந்த முகத்தை முழுசாகப் பார்க்கிறேன். "தமிழன்னு தெரிஞ்சா நாளைலேர்ந்து வரமாட்டீங்களோன்னு பயந்துட்டேங்க" என்றார். என் வசனத்தை அவர் சொல்லிவிட்டார்! கௌரம்மா சிரித்துக்கொண்டே, கூட ஒரு கை அவரைக்காய் அள்ளிப் போட்டார்.

இதோடு கதை சுபம் என்றுதானே நினைக்கிறீர்கள்? நானும் அப்படித்தான் நினைத்தேன்.

மறுநாள் தமிழில் நடந்தோம்.

"உங்களுக்கு எந்த ஊருங்க?"

"ஆம்பூர் பக்கம்."

"அப்படியா! ஆம்பூர்ல எங்க?"

சொன்னேன். அவ்வளவுதான், வாய் தானாக மூடிக்கொண்டது. புதிதாகச் சந்திக்கும் இரண்டு தமிழர்களுக்கு நடுவில் கேள்விகள் ஊரில் தொடங்கி, தெருவில் திரும்பி, எங்கே போய் நிற்கும் என்று உங்களுக்குத் தெரியாதா? கன்னடத்தில் நான் வெறும் மூர்த்தி. தமிழில் நான் இன்னாருடைய மகன், இந்தத் தெருக்காரன். அந்த அடுத்த கேள்விக்காகக் காத்துக்கொண்டு "ம்", "ஆமா" என்றே ஏரியைச் சுற்றி முடித்தேன். பிரியும்போது அவர் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

அடுத்த நாள் போகவே மனமில்லை. கால் பழக்கத்தில் போனேன். ராஜு எனக்கு முன்பே வந்து நின்றிருந்தார். என்னோடு நடந்தார். ஏரி வளைவில் பனி அடர்ந்திருந்தது. அங்கே வந்ததும் குல்லாவை நன்றாக இழுத்துவிட்டுக்கொண்டு, முதல் நாள் போலவே கேட்டார்:

"சளி ஜாஸ்தி அல்வா?"

"ஹௌது... ஹௌது" என்றேன். அப்புறம் பையனின் கணக்கு மார்க்கில் ஆரம்பித்து மேஸ்திரி வரை போனோம்.

எத்தனையோ குளிர்காலம் போய்விட்டது. கையில் செல்போன் வந்துவிட்டது, ஏரியைச் சுற்றிக் கம்பி வேலி வந்துவிட்டது. அந்த அடுத்த கேள்வியை மட்டும் ராஜு இன்றுவரை கேட்கவில்லை. நானும் கேட்டதில்லை.

கௌரம்மா மட்டும் எங்களைப் பார்க்கும்போதெல்லாம் தலையில் அடித்துக்கொள்கிறார் — இத்தனை வருடமாகியும் எங்கள் கன்னடம் தேறவே இல்லையாம்!