வடிமடையைத் திறந்துட்டேன்

பதற்றம் எனக்குக் கூடப்பிறந்தது. கேஸை அணைத்தேனா என்று பார்க்க பஸ் ஸ்டாப்பிலிருந்து எத்தனையோ முறை வீட்டுக்குத் திரும்பி ஓடி வந்திருக்கிறேன். அதிலிருந்து கொஞ்சம் தப்பிக்கத்தான் கம்ப்யூட்டரில், விதவிதமான சத்தங்களை உண்டாக்கும் சிந்தசைசர் கட்ட ஆரம்பித்தேன்.

திரையில் சின்னச் சின்னப் பெட்டிகளை அடுக்க வேண்டும். ஒன்று ஒலியை உண்டாக்கும், ஒன்று வடிகட்டும், இன்னொன்று எப்போது கேட்க வேண்டும், எப்போது அடங்க வேண்டும் என்று பார்த்துக்கொள்ளும். கலர் கலரான வயர்களை மவுஸால் இழுத்து ஒரு பெட்டியிலிருந்து இன்னொன்றுக்குச் செருகினால் சத்தம் ஓடும். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கீபோர்டு வாசிக்கிறவள்தான் நான். ஆனாலும் அந்தப் பெட்டிகளின் ஆங்கிலப் பெயர்கள் என் மண்டையில் நிற்கவே இல்லை. பாபநாசம் பக்கத்து வயல்களைப் பார்த்து வளர்ந்த புத்திக்கு வேறு பெயர்கள் தோன்றின. ஒலி பிறக்கும் இடம் தலைவாய்க்கால். திறந்து மூடுவது மடை. தேங்குகிற சத்தத்தை வெளியேற்றுவது வடிமடை. பேராவூரணியில் இருக்கும் என் கல்லூரித் தோழிக்கும் இதே பைத்தியம் உண்டு. எங்களுக்குள் இந்தப் பெயர்கள்தான் புழக்கம்.

அன்று மழைச் சத்தம் ஒன்றைச் செய்துகொண்டிருந்தேன். எதிரொலி போன வழியே திரும்பி வந்து, சேர்ந்து சேர்ந்து ஊளையாக மாறியது. காலை முழுக்க மல்லுக்கட்டிப் பதினொரு மணிக்கு வழி கண்டுபிடித்தேன். சந்தோஷம் தாங்காமல் தோழிக்குப் போனில் எழுதினேன்: "வடிமடையத் திறந்துட்டேன். இனிமே ஒரு சொட்டு தேங்காது. கவலையே இல்ல." அனுப்பிவிட்டு ஹெட்போனை மாட்டிக்கொண்டேன்.

இரண்டு மணிக்குக் கழற்றினேன். மழைச் சத்தம் நிற்கவில்லை. ஸ்பீக்கர் ஓடுகிறதோ என்று தேடினேன். பிறகுதான் ஜன்னலைப் பார்த்தேன். வெளியே நிஜ மழை கொட்டிக்கொண்டிருந்தது.

போனை எடுத்துப் பார்த்தேன். செய்தி தோழிக்குப் போகவில்லை. எங்கள் வாய்க்காலில் வயல் வைத்திருப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவுக்குப் போயிருந்தது. அதன் கீழே சித்தியின் பதில். அம்மாவின் தங்கை அவர். முந்தின நாள் சாயங்காலம்தான் முளைகட்டிய விதையை நாற்றங்காலில் தெளித்திருந்தார். அன்று கண் காட்டத் தஞ்சாவூர் போயிருந்தார்.

"நல்லா இருப்படி தங்கம். மழை வருதே, தண்ணி நின்னா வெதை மெதந்துருமேன்னு பாதி வழியில எறங்கித் திரும்பலாம்னு இருந்தேன். இனிமே டாக்டரப் பாத்துட்டே வரேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். வழியெல்லாம் "ஏசப்பா, ஏசப்பா" என்பதைத் தவிர வாயில் வேறு வார்த்தை இல்லை. நாற்றங்காலில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர். விதை மிதந்து பள்ளமான மூலைக்கு ஒதுங்கிக்கொண்டிருந்தது. திரையில் ஒரு நாளைக்கு நூறு மடை திறக்கிறவள், மண்ணில் ஒன்றைக்கூடத் திறந்ததில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். வேப்பமரத்துப் பக்கம் வரப்பை வெட்டினேன். தண்ணீர் வெளியே போவதற்குப் பதிலாக உள்ளே பாய்ந்தது. போனில் சித்தியைக் கூப்பிட்டேன்.

"சித்தி, வடிமடை எங்க இருக்கு?"

"காலைலயே தொறந்துட்டேன்னியேடி?"

"அது கம்ப்யூட்டர்ல, சித்தி."

திட்டுவார் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"இப்ப எதத் தொறந்த?"

"வேப்பமரத்துப் பக்கம்."

"ஐயோ, அது தண்ணி வர்ற வழி. மொதல்ல அத அடை. அடச்சிட்டு எதிர்மூலைக்குப் போ. அங்க வாழைமட்டை சொருகியிருக்கும், அதப் புடுங்கு."

மண்ணை அள்ளி அள்ளி அடைத்தேன். எதிர்மூலையில் மட்டையைப் பிடுங்கியதும் தண்ணீர் குபுகுபுவென்று வடிந்தது. ஒதுங்கிய விதையைக் கையால் வாரி மறுபடி தெளித்தேன். அது பிழைக்குமா என்று எனக்குத் தெரியாது. சித்தி வரும்வரை வரப்பிலேயே நனைந்தபடி உட்கார்ந்திருந்தேன்.

பாதிக்கு மேல் முளைத்தது. தண்ணீர் தேங்கிய அந்தப் பள்ளமான மூலை மட்டும் சொட்டையாகவே நின்றது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் நான் தலையைக் குனிந்துகொண்டேன். குறைந்த நாற்றைப் பக்கத்து வயலில் கேட்டு வாங்கி நட்டார் சித்தி. மன்னிப்புக் கேட்டபோது சிரித்தார்: "கண்ணு காட்டத்தான் போனேன். நீ வீட்ல இருந்தே என் கண்ணத் தொறந்து விட்டுட்ட." நான் சிரிக்கவில்லை. என்னை நம்பித்தானே அவர் பஸ்ஸிலிருந்து இறங்காமல் போனார்.

அடுத்த மழைக்கு அவரே போன் செய்தார். "முட்டி வலிக்குதுடி. நீ போய் வடிமடையத் தொற. தொறந்துட்டு கைய போட்டோ எடுத்து அனுப்பு."

திறந்தேன். தண்ணீர் வெளியேதான் போகிறதா என்று மூன்று முறை பார்த்தேன். யாருக்கு அனுப்புகிறேன் என்பதையும் மூன்று முறை பார்த்துவிட்டு அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது.

"நகத்துல சேறு இருக்கு. நம்புறேன்."