புலாவ் செபாங்கில் சூரியனை வலம் வந்தோம்

காலை ஒன்பது மணிக்குத் தெங்கேராவிலிருந்து காரில் கிளம்பினேன். நாற்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவாக ஓட்டினால் புலாவ் செபாங். ரயில் நிலையத்தைத் தாண்டியதும் செம்பனை எண்ணெய்த் தோட்டம் தொடங்கிவிடுகிறது. அங்கே தமிழ்ப்பள்ளியில் என் தோழி ஸ்டெல்லா ஆசிரியை. "பிள்ளைங்கள கோள் மாதிரி சூரியன சுத்த விடப் போறேன், வந்து பாருலா" என்று கூப்பிட்டிருந்தாள். வானத்து விவகாரம் என்றால் எனக்கு வீட்டில் கால் நிற்காது.

பள்ளித் திடலில் மழைத் தண்ணீர் நின்றதால் ஒத்திகையைப் பக்கத்துக் கோயில் மண்டபத்தில் வைத்திருந்தார்கள். எட்டுப் பிள்ளைகள், தரையில் சாக்பீஸ் வட்டங்கள். நடுவில் சூரியனாக ஒரு மஞ்சள் வாளி. சும்மா நிற்கும் வேஷம் ஒருத்தருக்கும் வேண்டாமாம். பூமியாக வந்த யாழினி தன்னைத்தானே சுழன்றபடியே வட்டத்தில் நடந்தாள். சுழல்வது பகலும் இரவும், நடப்பது வருஷம். வெள்ளி மட்டும் மற்றவர்களுக்கு எதிர்த்திசையில் சுழன்றது. யுரேனஸ் படுத்தபடி உருண்டது. ஒரு சுற்றுக்கு நூற்றறுபத்தைந்து வருஷம் எடுக்கும் நெப்டியூன், அவசரமில்லாமல் கறிபாப் பலகாரம் தின்றுகொண்டிருந்தது. எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

ஸ்டெல்லா கைதட்டி நிறுத்தினாள். எல்லாரும் வலமாகப் போகிறார்கள். வடக்குப் பக்கம் மேலே நின்று பார்த்தால் கோள்கள் இடமாகத்தான் போகும். பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. இதே கோயிலில் நவக்கிரகத்தைச் சுற்றி வளர்ந்தவர்கள். அங்கேயும் சூரியன்தான் நடுவில். கால் தானாக வலம் வருகிறது. மாதா கோயிலுக்குப் போகும் ஸ்டெல்லாவுக்கு இது தோன்றவே இல்லை. எல்லாரையும் இடமாகத் திருப்பிவிட்டாள்.

பிள்ளைகளுக்குக் குடிக்க இனிப்பான சிராப்புத் தண்ணீர் கொண்டுவந்த யாழினியின் அம்மா கோமதி வாசலிலேயே நின்றுவிட்டார். "டீச்சர், கோயிலுக்குள்ள சூரியன இடமா சுத்த வைக்காதீங்க. என் பிள்ள சுத்தாது." குரல் உயரவில்லை. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார். பின்னாலேயே இன்னும் இரண்டு கோள்கள் கிளம்பின.

ஆட்டத்தைப் பார்க்க மற்ற பெற்றோர் இரண்டரைக்கு வருவார்கள். ஸ்டெல்லாவின் முகம் சுருங்கிவிட்டது. "நான் அவங்க சாமிய மதிக்கலன்னு நெனச்சுட்டாங்களோ?" பழகிய ஊரில் அப்படி ஒரு பேச்சு கிளம்பிவிட்டால் இவள் எந்த முகத்தோடு பாடம் நடத்துவாள்?

மதியம் சாப்பிட, பக்கத்தில் இருந்தது கோமதியின் கடை ஒன்றுதான். இழுத்து ஆற்றிய தே தாரிக் இரண்டு ரிங்கிட். அவர் சோற்றையும் தேநீரையும் முகம் பார்க்காமல் வைத்துவிட்டுக் கல்லாவுக்குப் போனார். பார்க்க வேறு இடமில்லாமல் நான் மேலே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஸ்டெல்லா, இத கூரை மேல உக்காந்து பாத்தா எதிர்ப்பக்கம்தானே சுத்தும்?"

அவள் கிளாஸைக் கீழே வைத்தாள். "தெற்குப் பக்கமிருந்து பாத்தா எல்லாக் கோளும் வலமாத்தான் போகும். வானத்துல ஏது மேல, கீழ? நான்தான் வடக்க மேல வச்சுட்டேன்." எழுந்து கல்லாவுக்குப் போனாள். "அக்கா, பிள்ளைங்க வலமாவே சுத்தட்டும். தெற்கிலிருந்து பாக்குறோம்னு எழுதி வச்சுடறேன். காலையில எனக்குத் தோணல, மன்னிச்சுக்கங்க."

"எனக்காகப் பாடத்த மாத்துறீங்களா டீச்சர்?"

"இல்லக்கா. பாடமும் அதுதான்."

கோமதி மின்விசிறியைக் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தார். "சோறு ஆறுது, சாப்பிடுங்க" என்றார்.

இரண்டரைக்கு, கிளம்பிப் போன இரண்டு கோள்களோடு யாழினி வந்தாள்; பின்னாலேயே, கடையை மூடிவிட்டு, அவள் அம்மாவும். ஸ்டெல்லா வாளியைக் காட்டினாள். "சூரியனுக்கு ஆள் இல்லக்கா. நிக்கிறீங்களா?"

"சும்மா நின்னா போதுமா?"

"சூரியனும் தன்னைத்தானே சுத்தும். மெதுவாத்தான்."

கோமதி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு நடுவில் போய் நின்றார். எட்டுக் கோள்களும் வலம் வர, அவரும் வலமாகவே மெல்லச் சுழன்றார். யாழினி கடக்கும்போதெல்லாம் அவர் முகம் மலர்ந்தது.

ஆட்டம் முடிந்து நான் விடைபெறப் போனபோது கோமதி ஸ்டெல்லாவின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். "கொஞ்சம் இருங்க டீச்சர், ஊரே சுத்துது."

"ஊர் எப்பவும் சுத்திட்டுத்தான் இருக்குக்கா. இன்னைக்குத்தான் உங்களுக்குத் தெரியுது."

தோளிலிருந்து அந்தக் கையை எடுக்க இருவருக்கும் அவசரமில்லை. நான் காரை எடுத்தேன்.