சுஜாந்தினி அழித்த ஏழு பதிவுகள்

ஊர்வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். ஹொல்ஸ்டெப்ரோவில் இருக்கும் சுஜாந்தினியிடம் இருந்தது. டென்மார்க்கில் வாழும் தமிழர் கிரிப்டோவைப் பற்றிக் கதைக்கிற இணையக் குழு ஒன்றுக்கு அவள்தான் நிர்வாகி. ஆயிரத்து நானூறு பேர் இருந்தார்கள். எவனாவது எல்லை மீறினால் ஒரே ஒரு அமுக்கு, அவ்வளவுதான், பதிவு போய்விடும்.

அவளைக் குறைவாக எண்ணவேண்டாம். வயது நாற்பத்தெட்டு. முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை. நாலு வருடமாகக் கிரிப்டோவில் சின்னச் சின்னதாக வாங்கி விற்று, இதுவரை ஒரு குளிர்காலச் சட்டையின் விலைக்கு மேலே இழக்காதவள். சில்க்போர்க்கில் கந்தோரில் மேசை வேலை செய்யும் தவராஜா அந்தக் குழுவைத் தொடங்கிய முதல் வருடம் அது மீன்சந்தையை விடக் கேவலமாகக் கிடந்தது. பெண் ஒருத்தி கேள்வி கேட்டால், அடுப்படிக்குப் போ என்று நாலு பேர் பதில் எழுதுவார்கள். சுஜாந்தினி பொறுப்பை எடுத்தாள். ஏச்சுப்பேச்சு உள்ள பதிவு அழியும் என்று முதல் விதியை எழுதினாள், சொன்னபடி அழித்தாள். ஆறே மாதத்தில் பெண்கள் துணிந்து எழுதத் தொடங்கினார்கள். மகள் அவளைப் பொலிஸ் என்று டேனிஷில் கேலி செய்வாள். அதைக் கேட்க அவளுக்கு நல்ல சந்தோசம்.

இந்த வருடம் பங்குனியில் தவராஜா குழுவுக்குள் வலம்புரி கொயின் என்று ஒன்றைக் கொண்டுவந்தார். காசு போட்டவர்களின் கணக்கில் இலாபம் வாரத்துக்கு வாரம் ஏறியது. பலர் போட்டார்கள். வைகாசியில், வருகிற சனிக்கிழமை இக்காஸ்டில் மண்டபம் எடுத்து விளக்கக் கூட்டம் என்று அறிவித்தார்.

புதன்கிழமை பின்னேரம் வேலை முடிந்து சுஜாந்தினி காரில் ஏறும்போது தங்கச்சி கிருசாந்தி போன் எடுத்தாள். இக்காஸ்டில் தொழிற்சாலை வேலை, பன்னிரண்டு வருடம் சிறுகச் சிறுகச் சேர்த்து, வீடு வாங்க வைத்திருந்த இரண்டு லட்சம் குரோனர். அதைச் சனிக்கிழமை வலம்புரியில் போடப் போகிறாளாம்.  ஆரைக் கேட்டுப் போடுகிறாய் என்று சுஜாந்தினி அதட்டினாள்.

"ஆரைக் கேக்கிறது? உன்ர குழுவைத்தான் பாத்தனான் அக்கா. நீ இவ்வளவு கவனமாப் பாக்கிற இடம். அதில ஒருத்தரும் ஒரு பிழையும் சொல்லேல்லையே."

சுஜாந்தினி காரை எடுக்கவில்லை. ஒருத்தரும் பிழை சொல்லவில்லையா? நீக்கிலாஸ் என்று ஒரு மனுசன் இருந்தானே! ஒன்றரை மாதமாகத் தவராஜாவைக் கண்டபடி ஏசி எழுதினானே! எழுதியதையெல்லாம் இவள்தானே அழித்தாள்!

அழித்தவை நிர்வாகிகள் மட்டும் பார்க்கிற பக்கத்தில் சில மாதம் கிடக்கும். காரில் இருந்தபடியே திறந்தாள். ஏழு பதிவுகள். ஏழும் கெட்ட வார்த்தையில்தான் தொடங்கின, அதில் ஒளிவுமறைவே இல்லை. ஒவ்வொரு முறையும் முதல் வரியைக் கண்டதும் இவள் அமுக்கியிருந்தாள். இப்போதுதான் மற்ற வரிகளையும் வாசித்தாள். போட்ட காசைத் திருப்பி எடுக்க முடியவில்லை, கேட்டால் பதில் இல்லை, யாருக்காவது எடுக்க முடிந்ததா. ஏழு பதிவிலும் அதே கேள்வி. எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதையாகப் போயிற்றே என்று தன்னைத்தானே வைதுகொண்டாள்.

அவள் வேலை செய்கிற இடத்தில் நோயாளியின் பதிவேட்டில் எதையும் துடைத்துவிட முடியாது. பிழையாக எழுதினால் அந்தப் பிழை அப்படியே நிற்கும். பக்கத்தில் இது பிழை என்று எழுதி, திருத்தியவரின் பெயரும் திகதியும் போடவேண்டும். இருபது வருடமாக அதைச் செய்கிறவள், குழுவில் மட்டும் தடயமே இல்லாமல் துடைத்திருக்கிறாள். வெட்கமாக இருந்தது. ஆனால் வெட்கப்பட்டுக்கொண்டு குந்தியிருக்கிற ஆள் இல்லை அவள். ஏழு பதிவையும் திரும்பப் போட்டாள். ஏச்சுச் சொற்களை மட்டும் மறைத்தாள். மேலே எழுதினாள்: இவற்றை அழித்தது நான். ஏச்சுக்காக அழித்தேன். உள்ளே இருந்த கேள்வியையும் சேர்த்து அழித்தது என் பிழை. கேள்விக்குப் பதில் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். சுஜாந்தினி, ஹொல்ஸ்டெப்ரோ.

பிறகுதான் தவராஜாவுக்குப் போன் எடுத்தாள். ஏழு பதிவையும் திரும்பப் போடுவது என்றதும் அந்த மனுசன் பதறினார். சனங்கள் பயந்து ஓடும், நாலு வருடம் கட்டியெழுப்பின குழு நாலு மணித்தியாலத்தில் சிதறும் என்றார். கருத்துச் சுதந்திரம் என்று கண்டவனும் ஏசுவதற்கு இனி வழிவிடப் போகிறாயோ என்று கேட்டார்.

"ஏச விடமாட்டன் அண்ணை. கேக்க விடுவன்."

அப்படியென்றால் உன்னை நிர்வாகத்திலிருந்து எடுத்துவிடுவேன், பதிவைப் போடமுதல் நல்லாய் யோசி என்றார்.

"எடுங்கோ. ஆனால் நான் போட்டுட்டுத்தான் உங்களுக்குப் போன் எடுத்தனான்."

அவர் அவளை நிர்வாகத்திலிருந்து எடுக்கவில்லை. இரவுச் சாப்பாட்டுக்கு முன்னமே பதில்கள் வந்துவிட்டன. தனக்கும் வரவில்லை என்று ஒருவர். இரண்டு மாதமாகக் கேட்கிறேன் என்று இன்னொருவர். தங்களுக்கு மட்டும்தான் ஏதோ கோளாறு என்று நினைத்துப் பதினொரு பேர் பேசாமல் இருந்திருக்கிறார்கள். பன்னிரண்டாவதாகத் தவராஜா எழுதினார். தனக்கும் மூன்று கிழமையாக ஒரு சதமும் வெளியே வரவில்லை, கொண்டுவந்தவனே எப்படிச் சொல்வது என்று வாய் திறக்கவில்லை, மன்னியுங்கள், கூட்டம் இல்லை. அதை வாசிக்க சுஜாந்தினிக்கு அவர் மேல் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

கிருசாந்தியின் இரண்டு லட்சம் தப்பியது. அக்கா என்ர தெய்வம் என்று அழுதாள். சுஜாந்தினி அந்தப் புகழ்ச்சிக்கு மயங்கவில்லை. நீக்கிலாசின் முதல் பதிவை அழித்த திகதியை எடுத்தாள். அதற்குப் பிறகு காசு போட்டதாகக் குழுவில் எழுதியிருந்தவர்கள் யார் யார் என்று தேடினாள். நாலு பேர். அடுத்த நாள் அவளுக்கு லீவு. நாலு பேருக்கும் தானே போன் எடுத்தாள். பொலிசில் எப்படி முறைப்பாடு கொடுப்பது, வங்கியில் என்ன கேட்பது என்று எல்லாம் சொன்னாள், அழித்த கதையையும் மறைக்காமல் சொன்னாள். மூன்று பேர் பரவாயில்லை அக்கா என்றார்கள்.

நாலாவது பிரியந்தி, சில்க்போர்க்கில் துப்புரவு வேலை செய்கிற பிள்ளை. போட்டது நாற்பதினாயிரம் குரோனர். காசு மாட்டியது யாரோ சொல்லித் தெரியும், குழுவை அவள் இன்னும் திறந்து பார்க்கவில்லை. சுஜாந்தினி பெயரைச் சொன்னதுமே அவள் முந்திக்கொண்டாள்.

"நான் ஒண்டும் பாக்காமல் போடேல்லை அக்கா. போட முதல் முழுக் குழுவையும் தேடிப் பாத்தனான். இதைப் பற்றி ஒரு குறையும் அங்க இருக்கேல்லை."

"இருந்தது, பிள்ளை. நான்தான் அழிச்சனான்."

 ஏச்சுக்காகத்தான் அழித்தேன் என்று சுஜாந்தினி சாட்டுச் சொல்லவில்லை. இதைக் குழுவில் எழுது, என்னைப் பற்றியும் எழுது என்றாள்.

பின்னேரம் பிரியந்தி எழுதினாள். கெட்ட வார்த்தை ஒன்றும் இல்லை. ஆனால் பாதிக்கு மேல் சுஜாந்தினிக்குத்தான் விழுந்தது, ஒவ்வொரு வரியும் நியாயமாக விழுந்தது. சுஜாந்தினி இரண்டு தரம் வாசித்தாள். பிறகு அந்தப் பதிவை எல்லோர் கண்ணிலும் படும்படி குழுவின் உச்சியில் முதல் பதிவாக ஏற்றி வைத்தாள்.