இத்தாலிக்காரரின் பக்கத்து இருக்கை

இரண்டாம் உலக யுத்த காலத்தில் நான் சித்தூர் ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸாக இருந்தேன். ஒருமுறை பலமனேரிலிருந்து மருந்துப் பெட்டிகளோடு ராணுவ லாரியில் வந்தேன். ஓட்டியவர் ஓர் இத்தாலியப் போர்க்கைதி. நரைத்த மீசை, தீயில் சுருங்கிய இடது காது. அவருடைய ஊரில் கார்ப் பந்தயம் ஓட்டியவராம். பெரிய பரிசு எதுவும் வாங்கியதில்லையாம்.

பக்கத்து இருக்கை காலியாக இருந்தும் என்னைப் பின்னால் ஏறச் சொன்னார்.

"அங்க யாரையும் குந்த வுடமாட்டாரு நர்ஸம்மா," என்றார் காவலுக்கு வந்த சிப்பாய். "பந்தயத்துல கூட வந்து செத்துப்போன மெக்கானிக், இன்னும் அங்கதான் குந்திகினு வர்றாராம்."

மலை இறக்கத்தில் பனி மூடியிருந்தது. ஒரு வளைவுக்கு முன்னால் லாரி சட்டென்று நின்றது. நானும் சிப்பாயும் இறங்கிப் போய்ப் பார்த்தோம். வளைவுக்கு அப்பால் பாதை பள்ளத்தில் சரிந்து கிடந்தது.

திரும்பி வந்து, "எப்படித் தெரிந்தது?" என்று இத்தாலிக்காரரிடம் இங்கிலீஷில் கேட்டேன்.

"தோளில் தட்டினான்," என்றார். "கடைசிப் பந்தயத்திலும் தட்டினான். ஜெயிக்கிற ஆசையில் நான் நிறுத்தவில்லை. அதோடு எனக்குப் பந்தயமும் முடிந்தது."

"அவருக்கு உங்கள்மேல் கோபமில்லையா?"

அவர் காலி இருக்கைப் பக்கம் திரும்பி, இத்தாலிய மொழியில் மெதுவாக ஏதோ கேட்டார். பதிலுக்குக் காத்திருந்தார். பிறகு முகம் வெளுத்து, வண்டியைப் பின்னுக்கு எடுத்தார்.

என்ன பதில் வந்தது என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.