ஒரு போன் நம்பரும் ஆறு டெம்போவும்

மேலாளரே, நீங்கள் பொய் எழுதி ஆலை வாசலில் ஒட்டினீர்கள். பொய் என்று தெரிந்தேதான் ஒட்டினீர்கள். அந்தப் பொய்க்கு அடியில் கிடந்த தவறு என்னுடையது என்பதால் எனக்குத் தெரியும்.

நடந்தது போன மாம்பழப் பருவத்தில், சித்தூரிலிருந்து கங்காதர நெல்லூர் போகும் வழியில் உள்ள ஒரு மாங்கூழ் ஆலையில். நான் நகரி பக்கத்து ஆள், இருப்பது திருப்பதியில். ஆலைகளுக்கு ஏ.ஐ. ஏஜென்ட் பொருத்திக் கொடுக்கும் கம்பெனியில் வேலை. ஏஜென்ட் என்றால் ஆள் இல்லை, மென்பொருள். விவசாயி போனில் பதிவு செய்தால் அதுவே பதில் சொல்லும், டோக்கன் போடும், எடைமேடைக்கும் வாசல் கேட்டுக்கும் தகவல் அனுப்பும். இதையெல்லாம் கட்டுப்படுத்த ஓர் அட்மின் பக்கம் உண்டு. அதன் சாவி என்னிடம் இருந்தது.

வியாபாரிகள் ஒரே போனில் பத்து டோக்கன் வாங்கி வரிசையை அடைக்கிறார்கள் என்று நீங்கள் சொன்னீர்கள். ஒரு நம்பருக்கு ஒரு டோக்கன்தான், இன்றே மாற்று என்றீர்கள். அதற்கு அட்மின் பக்கத்தில் ஒரு கட்டம் இருந்தது. வியாபாரிகளுக்கு மட்டும் என்று பிரித்துப் போடலாம். அதற்கு ஒரு மணி நேரமாவது உட்கார வேண்டும். எல்லாருக்கும் என்று போட ஒரு டிக் போதும். எந்தெந்தப் பெயர் அடிபடும் என்ற பட்டியலைப் பார்க்க ஒரு பொத்தானும் இருந்தது. நான் அழுத்தவில்லை. ரத்தானவர்களுக்குச் செய்தி அனுப்பு என்ற கட்டத்தையும் பார்க்காமல் விட்டேன். திருப்பதி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்பதுதான் அப்போது என் நினைப்பு.

மறுநாள் காலை பிச்சாட்டூர்ப் பக்கத்திலிருந்து ஆறு டெம்போ பெங்களூரா மாங்காயோடு வந்து நின்றன. எல்லாம் ஒரே தெருக்காரர்களுடையவை. அந்தத் தெருவில் பலருக்குத் தமிழ் மட்டும்தான் படிக்க வரும். ஆலையிலிருந்து வரும் செய்தியெல்லாம் தெலுங்கு. அதனால் தெலுங்கு படித்த ஓர் அம்மாவின் நம்பரையே ஆறு வீட்டுக்காரர்களும் கொடுத்திருந்தார்கள். அவர்தான் டோக்கன் எண்களைத் துண்டுச் சீட்டில் எழுதி வீடு வீடாகக் கொடுத்தவர். அந்தப் பக்கத்தில் இது சாதாரண ஏற்பாடு. அதே பக்கத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு இது தோன்றாமல் போனதுதான் கேவலம்.

கேட் ஒரே ஒரு டெம்போவுக்குத் திறந்தது. அந்த அம்மாவின் டெம்போவுக்கு. மற்ற ஐந்தும் டோக்கன் ரத்து என்று வெளியே நின்றன.

அவருடைய கொழுந்தனார் எல்லார் முன்னாலும் கேட்டார்: "இன்னா அண்ணி, தெலுங்கு படிச்சது இதுக்குத்தானா? உன் வண்டி மட்டும் நெளிஞ்சிகினு உள்ள பூந்துச்சே."

தன் போனில் எந்தச் செய்தியும் வரவில்லை என்று அந்த அம்மா போனை நீட்டி நீட்டிக் காட்டினார். ஒருவரும் வாங்கிப் பார்க்கவில்லை. பார்த்தாலும் அவர்களுக்குப் படிக்க வராது.

நான் கேட் அறையில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தேன். பதிவேட்டைத் திறந்தேன். யார் எப்போது எதை மாற்றினார்கள் என்று அதில் இருக்கும். என் பெயர் இருந்தது. அந்த அம்மா மற்ற ஐந்து வீட்டுக்கும் முதலில் பதிவு போட்டுவிட்டு, தன்னுடையதைக் கடைசியில் போட்டிருக்கிறார். மென்பொருள் கடைசிப் பதிவை வைத்துக்கொண்டு முந்தியதை எல்லாம் தள்ளிவிட்டது. அடுத்தவருக்கு முதலிடம் கொடுத்ததால்தான் அவர் திருடி ஆனார்.

உங்களிடம் ஓடி வந்து தவறு என்னுடையது என்றேன். ஐந்து டோக்கனையும் உடனே திருப்பிப் போடலாம் என்றேன். இன்றைய டோக்கன் கணக்கு முடிந்தது, நான்காம் நாள் வரச் சொல் என்றீர்கள். ஆலைப் பக்கம் தவறு என்று வெளியே ஒரு வார்த்தை போகக் கூடாது என்றும் சொன்னீர்கள். கொஞ்ச நேரத்தில் வாசலில் தெலுங்கில் ஓர் அறிவிப்பு, முத்திரையோடு. என்ன போட்டிருக்கிறது என்று அந்த ஆட்களுக்குத் தெரியவில்லை. படித்துச் சொல்ல அங்கே அந்த அம்மாவைத்தான் கூப்பிட வேண்டியிருந்தது.

அவர் படித்தார். விவசாயிகள் தவறான நம்பர் கொடுத்ததால் டோக்கன்கள் ரத்தாயின, இதற்கு அந்த நம்பருக்கு உரியவரே பொறுப்பு. கீழே அவருடைய நம்பர். நிறுத்தி நிறுத்தி, ஒரு வரி விடாமல் தமிழில் சொன்னார். மாற்றிச் சொல்லியிருந்தால் அங்கே கண்டுபிடிக்க ஆள் இல்லை.

"இதான் போட்டுக்கீது," என்றார். "ஒரு எழுத்து நான் மாத்தல."

அதற்கு மேல் என்னால் உள்ளே உட்கார முடியவில்லை. வெளியே போய், இதைச் செய்தது அவர் இல்லை, நான், என் பெயரில்தான் பதிவு இருக்கிறது என்று லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினேன். கொழுந்தனார் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீ எங்க அண்ணிக்கு இன்னா ஒறவுபா? வக்காலத்து வாங்கிகினு வர்ற."

சிலர் சிரித்தார்கள். முத்திரை போட்ட தாள் ஒரு பக்கம், யாரென்று தெரியாத நான் ஒரு பக்கம். அவர்கள் தாளைத்தான் நம்பினார்கள். நான்காம் நாள் கேட் திறந்தபோது மாங்காய் பழுத்து, சாறு டெம்போ அடியில் ஒழுகிக்கொண்டிருந்தது. பாதிக்கு மேற்பட்டதை வேண்டாம் என்று திருப்பிவிட்டார்கள்.

அன்றும் அவர்களோடு வந்திருந்த அந்த அம்மா, கிளம்பும்போது என்னிடம் வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன்.

"நீ சொன்னது சரிதான் தம்பி. நீ திருப்பதிக்குப் போய்டுவ. நான் அந்தத் தெருவுலதான குந்தினு இருக்கணும்."

இந்த வருடம் அந்த விதியை வியாபாரிகளுக்கு மட்டும் என்று பிரித்துப் போட்டுவிட்டு, பதிவுப் பட்டியலைத் தேடிப் பார்த்தேன். அந்த நம்பரில் ஒரே ஒரு வீடுதான் இருக்கிறது. மற்ற ஐந்து வீட்டுக்காரர்களும் புத்தூரில் ஒரு கடைக்காரர் நம்பரைக் கொடுத்திருக்கிறார்கள்.

இப்போது எந்தக் கட்டத்தில் டிக் போடுவதாக இருந்தாலும் அது யார் யாரைத் தொடும் என்று ஒவ்வொரு பெயராகப் படித்த பிறகுதான் போடுகிறேன். நல்ல பழக்கம் என்று ஆபீசில் பாராட்டுகிறார்கள். அது எப்படி வந்தது என்று அவர்களுக்குத் தெரியாது. கேட்கும்போதெல்லாம் எனக்குக் கூசுகிறது.

என் தவறை நான் சொல்லிவிட்டேன், மேலாளரே. பருவம் தொடங்கும் முன் விவசாயிகளைக் கூட்டி மைக் பிடித்துப் பேசுவீர்களே, அங்கே எல்லார் முன்னாலும், தமிழிலும் தெலுங்கிலும் பதில் சொல்லுங்கள்: அந்த அம்மா செய்த தவறு என்ன?