ஃப்ரீசருக்குக் குங்குமம்

திருவரங்குளத்துக்குப் பக்கத்தில் என் அத்தைக்கு ஒரு முந்திரித் தோப்பு இருந்தது. வேறு வருமானம் கிடையாது. ஒரு மரத்தின் அடியில் பிசின் வடிந்து மரத்தூள் கொட்டியது. தண்டைத் துளைக்கும் வண்டின் வேலை. புழுவை உளியால் தோண்டி எடுத்துவிட்டால் மரம் பிழைக்கும். அத்தை உளியோடு கிளம்பிய நாளில்தான், அவருடைய கெட்ட நேரம், என் பேராசிரியர் என்னோடு தோப்புக்கு வந்தார்.

அந்த வண்டின் மைட்டோகாண்ட்ரியா மரபணுத்தொகுதியை, அதாவது தாயிடமிருந்து மட்டும் பிள்ளைக்கு வரும் சின்னத் தொகுதியை, முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை படித்துவிட வேண்டும் என்பது அவர் ஆசை. புது இனமாகக்கூட இருக்கலாம் என்றார். புது இனத்துக்குப் பெயர் வைக்கலாம். யார் பெயர் என்று சொல்லவில்லை, காலரை மட்டும் சரிசெய்துகொண்டார். புழுவைத் தொடாதீர்கள், வண்டாகி வெளியே வரட்டும், இனம் தெரிந்தால் மருந்து தானாக வரும் என்று அத்தையிடம் சொன்னார். மரபணு புழுவிலும் அதேதான். ஆனால் கட்டுரையில் போடும் போட்டோவுக்கு வண்டின் நீளக் கொம்பு வேண்டுமே. அண்ணன் மகள் படிப்பாச்சே என்று அத்தை உளியை உள்ளே வைத்துவிட்டார்.

வண்டுகள் சாவகாசமாக வந்தன. போதுமான அளவு சேர இரண்டு பருவம் ஆயிற்று. ஸ்பிரிட்டில் போட்டு வைப்பதுதான் முறை. அதற்குப் பர்மிட் வாங்க அலைய வேண்டும். ஃப்ரீசர் இருக்கையில் எதற்கு என்றார் பேராசிரியர். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவானேன் என்று பழமொழி வேறு.

அப்புறம் ஆயுத பூஜை வந்தது. பரிணாமப் பாடம் எடுப்பவரே மைக்ராஸ்கோப்புக்குச் சந்தனம் வைத்தார். அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் பூஜை போட்ட கருவியை வேலை வாங்கக் கூடாதாம். ஃப்ரீசருக்கும் குங்குமம் வைத்து, மாலை போட்டு, பிளக்கைப் பிடுங்கி ஓய்வு கொடுத்துவிட்டுப் பொரிப் பொட்டலத்தோடு ஊருக்குப் போனார். விடுமுறை முடிந்து திறந்தபோது வண்டுகள் கூழாகியிருந்தன. நாற்றம் வராண்டாவரை வந்தது. தொழில்நுட்பக் கோளாறு என்று ஆய்வகப் பதிவேட்டில் எழுதிவிட்டு, மறுபடி போய்ப் பிடித்து வரச் சொன்னார். எனக்கு வந்த கோபத்தில் அந்த மாலையை அவர் கழுத்தில் போட்டிருப்பேன்.

போனேன். தோப்பில் மரம் அறுத்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் காத்திருந்த காலத்தில் வண்டுகள் பக்கத்து மரங்களிலும் முட்டை வைத்துவிட்டன. பாதிக்கு மேல் பட்டுப்போனதால், மொத்தத்தையும் விறகுக்குக் கொடுத்துவிட்டார் அத்தை. பிளந்த கட்டைகளில் புழுக்கள் வெள்ளை வெள்ளையாக நெளிந்தன. ஃப்ரீசர் கதையை ஒருவழியாகச் சொல்லி முடித்தேன்.

அத்தை திட்டவில்லை. எவர்சில்வர் டப்பா ஒன்றை எடுத்து வந்தார். கட்டை கட்டையாகக் குச்சியால் நெம்பிப் புழுக்களை அதில் போட்டார். நிரம்பியதும் மூடி என்னிடம் நீட்டினார்.

"கொண்டுக்கிட்டுப் போத்தா. ஒனக்காச்சும் ஒதவட்டும்."

அதில் கொஞ்சம் குத்தல் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். துளிகூட இல்லை.