அடியில் ஓட்டை போட்ட குவளைகள்: கிழக்கு டெக்சஸ் கல்லறைத் தோட்டம்

கூட வேலை பார்க்கும் மார்கஸ் உதவிக்குக் கூப்பிட்டதால், நவம்பரில் ஒரு சனிக்கிழமை கிழக்கு டெக்சஸ் போனோம். அவன் கறுப்பினத்தவன். குடும்பக் கல்லறைத் தோட்டத்தைச் சுத்தம் செய்யும் நாள் அது. அவன் அம்மா இறந்து ஓராண்டு. தன் எனாமல் குவளையைக் கல்லறையில் வைக்கச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். தாய்மாமன் அங்கே போதகர், அவர் விடவில்லை.

நாங்கள் இருக்கும் ரவுண்ட் ராக்கிலிருந்து 79-ஆம் நெடுஞ்சாலையில் 180 மைல், மூன்றரை மணி நேரம், பெட்ரோல் 40 டாலர். கடைசி ஆறு மைல் மண் பாதை, போனுக்கு சிக்னல் கிடையாது. அறைத்தோழன் செந்தில் பார்பிக்யூ ஆசையில் ஒட்டிக்கொண்டான். இறங்கியதும், "டேய், வீக்கெண்டுல சுடுகாட்டுக்கா ட்ரைவ் பண்ணி கூட்டிட்டு வந்த?" என்றான்.

பைன் மரங்களுக்குள் பனிமூட்டம். கல்லறைகள் மேல் வெள்ளைச் சிப்பிகள், மருந்துப் புட்டிகள், நின்றுபோன கடிகாரங்கள், குவளைகள். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட முன்னோர்களின் வழக்கம் என்றான் மார்கஸ். கற்களிலோ வேத வசனங்கள். செத்தவர்களுக்குப் படைப்பது வேதத்துக்கு விரோதம், எல்லாவற்றையும் அள்ளுங்கள் என்றார் போதகர். மார்கஸ் ஜாக்கெட்டுக்குள் குவளையைப் பிடித்தபடி நின்றான். எனக்குச் சும்மா நிற்பது ஆகாது. பையை எடுத்து அள்ள ஆரம்பித்தேன்.

மூன்றாவது கல்லறையில் ஒரு நீலக் குவளை. அடியில் ஆணி அடித்த ஓட்டை. பையிலிருந்தவற்றைப் பார்த்தேன். எல்லாவற்றிலும் ஓட்டை.

"நம்மூர்ல கொள்ளிக்குடத்துல போடுற மாதிரியே இருக்குடா," என்றான் செந்தில், மெதுவாக.

"அதை வை," என்றார் போதகர்.

அவருடைய அம்மாவின் குவளையாம். சிறுவயதில் அவரே ஆணி அடித்தது. நீலக் குவளையை எடுத்த இடத்திலேயே வைத்தேன், பைக்குள் மற்றவை கிணுகிணுத்தன.

அவர் மார்கஸிடம் கையை நீட்டினார். குவளையைக் கவிழ்த்து, வேலியிலிருந்து பிடுங்கிய ஓர் ஆணியைக் கல்லால் அடித்து இறக்கினார், ஊற்றங்கரையில் குடம் உடைவதைச் சொல்லும் வசனத்தை முணுமுணுத்துக்கொண்டே. தங்கையின் தலைமாட்டில் வைத்தார். நான் அள்ளியதையெல்லாம் இடம் பார்த்துத் திரும்ப வைத்தேன்.

"இனி யாரும் திரும்பிப் பார்க்காமல் போங்கள்," என்றார்.

இது பைபிளா, ஆப்பிரிக்காவா என்று நேரடியாகவே கேட்டேன். எரியும் ஊரைவிட்டு ஓடும்போது திரும்பிப் பார்த்தவள் உப்புத்தூண் ஆனது வேதத்தில் இருக்கிறது, ஆனால் தனக்குச் சொன்னது அம்மா. அவர் எங்கிருந்து எடுத்தார் என்று தெரியாது என்றார்.

காரில் ஏறி ரிவர்ஸ் போட்டேன். திரையில் பின்பக்கக் கேமரா வந்தது. செந்தில் சட்டென்று கையால் மறைத்தான்.

"கேமரால பாத்தாலும் பாத்ததுதான்டா."

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் புல்மேட்டில் ஏற்றி முன்பக்கமாகவே திருப்பினேன். பம்பர் கீறியது. பின்சீட்டில் மார்கஸ் கண்ணை மூடியிருந்தான். நெடுஞ்சாலை வந்த பிறகுதான் திறந்தான். அம்மாவைப் பற்றி அன்றுதான் முதன்முறையாகப் பேசினான்.

போகிறவர்களுக்கு: டேங்கை நிரப்பிக்கொள்ளுங்கள், பூட்ஸ் போடுங்கள், குடும்பத்தார் சொல்லாமல் எதையும் தொடாதீர்கள். போய்ச் சேர்ந்தவுடனேயே காரைச் சாலை பார்த்து நிறுத்திவிடுங்கள்.